தெளிந்த நேரத்தில் ஒரு கையெழுத்து

அமெரிக்காவில் ஒரு பெண். வயது 28. மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது டாக்டர் ஒருவர் அக்கறையாக ஒரு யோசனை சொன்னார். எங்கேயாவது கேஷியராக உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்கிற வேலை பார்க்கலாமே. அது தாங்கினால், அப்புறம் பெரிய வேலை பற்றி யோசிக்கலாமே என்று.

கேஷியர் வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பி.காம். படித்தவன். சாயங்காலம் கல்லாவில் இருபது ரூபாய் உதைத்தால், அதைக் கண்டுபிடித்து முடிக்க எவ்வளவு திடமான மனசு வேண்டும் என்று தெரியும். ஆனால் டாக்டர் அந்தப் பெண்ணின் பயோடேட்டாவைக் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து முதலாவதாகத் தேறியவர். மார்ஷல் ஸ்காலர்ஷிப் வாங்கி ஆக்ஸ்ஃபோர்டு போய் அங்கேயும் பட்டம் வாங்கியவர். யேல் சட்டக் கல்லூரி மாணவி. இவ்வளவும் இருந்து, கூடவே ஸ்கிசோஃப்ரினியா என்ற ஒரு வார்த்தையும் கேஸ் ஷீட்டில் இருந்தது. அந்த ஒரு வார்த்தை மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டது.

பெயர் எலின் சாக்ஸ். 1955-ல் மயாமியில் பிறந்தவர். கல்லாவில் உட்காரவில்லை. 1989-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து பேராசிரியர் ஆனார். அவர் எடுத்துக்கொண்ட துறைதான் விசேஷம்: மனநலச் சட்டமும் குற்றவியல் சட்டமும். ‘சித்தம் கலங்கியவரைச் சட்டம் எப்படி நடத்த வேண்டும்?’ என்ற கேள்விக்கு ஆயுசு முழுக்கப் பதில் தேடியவர், அந்தக் கலக்கத்தை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

* * *

யேலில் முதல் வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி. கல்லூரி லைப்ரரியில் இரண்டு வகுப்புத் தோழர்களோடு உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுகிறார்கள். திடீரென்று எலின் சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் பேச ஆரம்பித்தார். புத்தகத்தில் எழுத்துக்கள் இடம் மாறி மாறிக் குதிப்பதாகச் சொன்னார். கட்டடத்தின் கூரைக்குப் போய் ஆடினார், பாடினார். போதை மருந்து ஏதாவது போட்டிருக்கிறாளா என்று தோழர்களுக்குச் சந்தேகம். ஒன்றும் போடவில்லை. மூளையே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி. பலபேர் சேர்ந்து தூக்கி, இரும்புக் கட்டிலில் போட்டு, தோல் வாரால் கை கால்களைக் கட்டினார்கள். மார்புக்குக் குறுக்கே வலை போட்டு இறுக்கிக் கட்டியதும் உண்டு. சில நாள் இருபது மணி நேரம்வரை அப்படியே கிடந்திருக்கிறார். இத்தனைக்கும் அவர் யாரையும் அடித்ததில்லை. நோய் இனி எப்படிப் போகும் என்ற இடத்தில் டாக்டர்கள் எழுதிய வார்த்தை, ‘கிரேவ்’. ரொம்ப மோசம் என்று அர்த்தம். இங்கிலீஷில் கல்லறைக்கும் அதே வார்த்தைதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு இது முதல் ஆஸ்பத்திரி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே நோய் முற்றி, அங்கே ஒரு மனநல ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார். அங்கே யாரும் அவரைக் கட்டிப் போடவில்லை. நோய் அதே, நோயாளியும் அதே. அட்லாண்டிக்கைத் தாண்டியதும் வைத்தியம் மட்டும் வேறாகிவிட்டது. அப்படியானால் கட்டுவது மருத்துவத்தின் கட்டாயமா, ஆஸ்பத்திரியின் பழக்கமா? மற்றவர்களாக இருந்தால் இந்தக் கேள்வியைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். சட்டம் படிக்கிற பெண்ணாயிற்றே! விடவில்லை.

குணமாகி மறுபடி யேலுக்குப் போனவர், மனநல ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைக் கட்டிப் போடுவது பற்றியே ஒரு சட்டக் கட்டுரை எழுதினார். 1986-ல் யேல் சட்டக் கல்லூரியின் ஆய்விதழில் வெளிவந்தது. அதற்காக மனநலத் துறையில் பெயர் பெற்ற ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போனார். ‘கட்டிப் போடுவது வலி, அவமானம், பயம் எல்லாம் சேர்ந்ததாக இருக்கும், இல்லையா சார்?’ என்ற தோரணையில் கேட்டார். அந்தப் பெரிய மனிதர், உனக்குப் புரியவில்லையம்மா, அவர்கள் உன்னையும் என்னையும் போல இல்லை, நமக்குத் தோன்றுவதுபோல அவர்களுக்குத் தோன்றாது என்கிற அர்த்தத்தில் விளக்கம் சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. தானும் அந்த ‘அவர்களில்’ ஒருத்திதான் என்று சொல்ல எலினுக்கு அப்போது துணிச்சல் வரவில்லை. சொன்னால் கட்டுரையும் போகும், படிப்பும் போகும், வேலையும் போகும். பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

‘அவர்கள் நம்மைப் போல இல்லை.’ இந்த ஒரு வரியைத்தான் எலின் சாக்ஸ் தன் வாழ்நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வரி ஆளைக் கொல்லும் என்பதற்கும் கணக்கு உண்டு. 1998-ல் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் பத்திரிகை, அமெரிக்காவில் கட்டிப் போட்டும் தனியறையில் அடைத்தும் பத்து வருஷத்தில் 142 பேர் செத்திருப்பதைத் தேடி எடுத்து எழுதியது. காப்பாற்றுவதற்காகக் கட்டியதாகத்தான் எல்லா இடத்திலும் சொன்னார்கள்.

* * *

இங்கே என் வக்கீல் நண்பர் குறுக்கே வருகிறார். கோர்ட் கேன்டீனில் வடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டே சொன்னார்:

“அதெல்லாம் சரிப்பா. கொலை பண்றது, அப்புறம் பைத்தியம்னு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு ஜாலியா வெளிய வந்துடறது. இதுக்கு என்ன சொல்றே?”

“எத்தனை பேர் வந்திருக்காங்க சார்?”

“நிறையப் பேர்யா!”

“நிறையன்னா?”

வடையில் கவனமாகிவிட்டார். வக்கீல் எண்ணைச் சொல்லாவிட்டால் பி.காம். சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் எட்டு மாநிலங்களில் நடத்திய ஓர் ஆய்வு 1991-ல் வெளிவந்தது. பெரிய குற்ற வழக்குகளில் நூற்றுக்கு ஒன்றில்தான் மனநோயைக் காரணம் காட்டி வாதாடினார்கள். அப்படி வாதாடினவர்களிலும் நாலில் ஒருவருக்குத்தான் அது பலித்தது. அதாவது நானூறு கேஸுக்கு ஒன்று. இதற்குள்தான் நம் ‘நிறைய’ அடங்கியிருக்கிறது.

அந்த ஒருவராவது ஜாலியாக வெளியே வருகிறாரா? 1981-ல் ஜான் ஹிங்க்லி ஜனாதிபதி ரேகனைச் சுட்டார். 1982-ல் மனநோயைக் காரணம் காட்டிக் குற்றவாளி இல்லை என்று ஜூரி தீர்ப்புச் சொன்னதும் அமெரிக்காவே கொதித்தது. அந்தக் கொதிப்பில் 1984-ல் சட்டத்தையே இறுக்கினார்கள். ஆனால் ஹிங்க்லி வீட்டுக்குப் போகவில்லை. வாஷிங்டனில் உள்ள மனநல ஆஸ்பத்திரிக்குப் போனார். 2016-ல்தான் வெளியே தங்க விட்டார்கள், அதுவும் நிபந்தனைகளோடு. நிபந்தனை எல்லாம் நீங்கியது 2022-ல். சுட்ட நாளிலிருந்து 41 வருஷம்! ‘தப்பித்தல்’ என்பதற்கு இது கொஞ்சம் நீளமான அர்த்தம்.

இந்தச் சட்டம் நமக்கும் தூரத்து உறவு இல்லை, பங்காளி. 1843-ல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரதம மந்திரியின் செயலாளரைச் சுட்டுக் கொன்றார். தன்னை ஆளும் கட்சிக்காரர்கள் துரத்துவதாக அவருக்கு ஒரு பிரமை. விடுதலை செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விக்டோரியா மகாராணிக்குக் கோபம் வந்துவிட்டது. பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு, ‘எந்த அளவுக்குப் பைத்தியம் என்றால் தண்டனை இல்லை?’ என்று கேட்டு எழுதி வாங்கியது. தான் என்ன செய்கிறோம் என்றோ, அது தப்பு என்றோ செய்யும் நேரத்தில் தெரியாதவனைத் தண்டிக்கக் கூடாது. அதுதான் விதி. அது கப்பலேறி வந்து 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு ஆயிற்று. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு. நம்பர் மாறியது, விஷயம் அதேதான். கவனியுங்கள், சட்டம் கேட்பது ‘இவன் பைத்தியமா?’ என்று இல்லை. ‘அந்த நேரத்தில் இவனுக்குத் தெரிந்ததா?’ என்று.

எலின் சாக்ஸ் இதில் இன்னும் சிக்கலான ஒரு முடிச்சை எடுத்துக்கொண்டார். 1997-ல் ஸ்டீஃபன் பென்கே என்பவரோடு சேர்ந்து எழுதிய ‘ஜெக்கில் ஆன் ட்ரையல்’ என்ற புத்தகம். ஒரே உடம்புக்குள் பல ஆளுமைகள் இருப்பவர் கொலை செய்தால் யாரைத் தண்டிப்பது? நமக்கு இது சுலபமாகப் புரியும். 2005-ல் ‘அந்நியன்’ பார்த்தவர்கள்தானே! அந்நியன் கொன்றான், அம்பிக்கு எதுவும் தெரியாது, ரெமோ பூ வாங்கப் போயிருந்தான். ஜெயிலில் போட்டால் மூன்று பேரும்தான் களி தின்ன வேண்டும்.

எலின் சொன்ன வழி இது: உள்ளே இருக்கும் எல்லா ஆளுமைகளுக்கும் குற்றம் தெரிந்து, எல்லாம் அதற்கு இணங்கியிருந்தால் தண்டியுங்கள். ஒன்றாவது அறியாமல் இருந்திருந்தால் தண்டிக்காதீர்கள், சிகிச்சைக்கு அனுப்புங்கள். குற்றமற்ற ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்ற பழைய தர்மத்தை ஓர் உடம்புக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துகிறார். ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. என் வக்கீல் நண்பர் அவர்களில் முதல் வரிசை.

சிகிச்சைக்கு அனுப்புவதில் உள்ள இன்னொரு அவலத்தையும் எலின் எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் மனநோயாளிகள் அதிகம் இருக்கும் பெரிய இடங்கள் ஆஸ்பத்திரிகள் இல்லை. லாஸ் ஏஞ்சலீஸ், சிகாகோ, நியூயார்க் நகரங்களின் சிறைகள். ஆஸ்பத்திரிகளை மூடினார்கள், வெளியே வந்தவர்களைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள் ஏற்பாடு செய்யவில்லை. தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிற்று.

* * *

இனி என் பாடத்துக்கு வருகிறேன். பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பதினொன்றாம் பிரிவு, யாரெல்லாம் ஒப்பந்தம் போடலாம்? மேஜராக இருக்க வேண்டும், சித்த சுவாதீனம் இருக்க வேண்டும், சட்டம் தடுத்திருக்கக் கூடாது. மூன்று பாயிண்ட், ஐந்து மார்க். எல்லாரும் அதோடு நிறுத்திவிடுவோம். பன்னிரண்டாம் பிரிவில்தான் ரத்தினம் ஒளிந்திருக்கிறது.

பெரும்பாலான நேரம் சித்தம் கலங்கியிருப்பவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவேளையில் ஒப்பந்தம் போடலாம், அது செல்லும் என்கிறது அந்தப் பிரிவு. மனநலக் காப்பகத்தில் இருக்கும் நோயாளியையே உதாரணம் காட்டுகிறது. அடுத்த உதாரணம் இன்னும் அழகு: எந்நேரமும் தெளிவாக இருக்கிற ஆசாமி, ஜுர வேகத்தில் பிதற்றும்போதோ, நன்றாகக் குடித்திருக்கும்போதோ போடுகிற ஒப்பந்தம் செல்லாது. ஆகக் காப்பகத்தில் இருப்பவர் கையெழுத்துச் செல்லும். கல்யாண வீட்டு மாடியில் ‘உற்சாகமாக’ இருப்பவர் கையெழுத்துச் செல்லாது. வெள்ளைக்காரன் 1872-லேயே ஆளை இரண்டாகப் பிரிக்கவில்லை. நேரத்தை இரண்டாகப் பிரித்தான்.

கடன் பத்திரத்துக்குக் கொடுத்த இந்த மரியாதையைச் சொந்த உடம்புக்கும் மனசுக்கும் கொடுத்தால் என்ன? எலின் சாக்ஸ் 2002-ல் எழுதிய ‘ரெஃப்யூசிங் கேர்’ என்ற புத்தகத்தின் அடிநாதம் ஏறக்குறைய இதுதான். மனநோயாளியை அவர் சம்மதம் இல்லாமல் சிகிச்சைக்கு உட்படுத்தலாமா என்பது கேள்வி. ‘கூடவே கூடாது’ என்று ஒரு கட்சி. ‘அவனுக்கு என்ன தெரியும், பிடித்து ஊசி போடு’ என்று இன்னொரு கட்சி. இரண்டும் சுலபமான கட்சிகள்.

இவர் இரண்டிலும் சேரவில்லை. முதல் தடவை ஒருவருக்குச் சித்தம் கலங்கும்போது, நோய் என்னவென்றும், மருந்து என்ன செய்யும் என்றும் அவருக்கே தெரியாது. அதனால் அந்த ஒரு தடவை வலுக்கட்டாயத்துக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் தெளிந்த பிறகு அவரிடமே கேட்க வேண்டும்: ‘அடுத்த தடவை வந்தால் என்ன செய்யட்டும்? வேண்டாம் என்று நீங்கள் கத்தினாலும் மருந்து கொடுக்கவா, விட்டுவிடவா?’ அவர் தெளிவாக எழுதிக் கொடுப்பதைக் கலங்கிய நேரத்தில் நாம் மதிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குச் சட்டப் புத்தகங்களில் யுலிசிஸ் ஒப்பந்தம் என்று பெயர். கிரேக்கக் கதையில் யுலிசிஸ் கப்பலில் போகிறான். வழியில் மோகினிகள் பாடுவார்கள், கேட்டவன் கடலில் குதித்துச் சாவான். எனவே பாட்டுக் கேட்கும் முன்பே, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். அப்புறம் அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினாலும் அவிழ்க்காதே என்கிறான். அதுவும் கட்டுதான், யேல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டதும் கட்டுதான். ஒன்று அவன் கேட்டுப் போட்டது. மற்றது கேட்காமல் போட்டது. வித்தியாசம் கயிற்றில் இல்லை.

* * *

கட்டு என்றதும் நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் விடியும் முன்பு தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகையாளிகள் இல்லை. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி. வேறு வழி தெரியாதவர்கள். அவர்களிடமும் யாரோ, ‘இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க’ என்று அந்தப் பேராசிரியரின் வரியைத் தமிழில் சொல்லியிருப்பார்கள்.

அதன் பிறகு பதினாறு வருஷம் கழித்து வந்தது 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஐந்தாம் பிரிவு இன்னும் முக்கியம். மேஜரான யாரும், பின்னால் தனக்கு மனநோய் வந்து முடிவெடுக்க முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அவசர சிகிச்சைக்கு விலக்கு உண்டு. எழுதியதில் சிக்கல் இருந்தால் பரிசீலிக்க வாரியம் உண்டு. எலின் சாக்ஸ் வாதாடிய திசையில்தான் இந்தப் பிரிவும் நடக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னேன்.

“ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு நாமினி போடற மாதிரியா?” என்றாள் என் மனைவி.

அதேதான். இருபதாயிரம் ரூபாய் டெபாசிட்டுக்கு நாமினி போடாவிட்டால் பேங்க்கில் ஃபாரத்தைத் திருப்பித் தருகிறார்கள். மனசுக்கு நாமினி போட்டவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்? என் தெருவில் நான் விசாரித்தவரை, அப்படி ஒரு வசதி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாமா, “எதுக்குப்பா இப்ப அபசகுனமா?” என்றார். அவர் வீட்டுப் பீரோவில் உயிலும், எல்.ஐ.சி. பாலிசியும் பத்திரமாக இருக்கின்றன. சாவைப் பற்றி எழுதலாம்; மனசைப் பற்றி எழுதினால்தான் அபசகுனம்.

நாம் விநோதமானவர்கள். சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம், புஸ்தகப் பைத்தியம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நிஜமாகவே டாக்டரிடம் போனவர் மட்டும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் போக வேண்டும்.

எலினும் வெகு காலம் அப்படித்தான் இருந்தார். பேராசிரியர் ஆன பிறகும் நெருங்கினவர்களுக்கு மட்டுமே தெரியும். 2007-ல், ஐம்பது வயசைத் தாண்டிய பிறகு, தன் கதையைப் புத்தகமாக எழுதி ஊருக்கே சொன்னார். 2009-ல் மெக்ஆர்தர் அறக்கட்டளை ஐந்து லட்சம் டாலர் கொடுத்துக் கௌரவித்தது. அந்தப் பணம் மனநலச் சட்டத்துக்கும் கொள்கைக்கும் ஓர் ஆய்வு மையமாக ஆயிற்று.

நோய் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. மருந்தை விட்டுப் பார்த்தார், பலமுறை. ஒவ்வொரு முறையும் விழுந்தார். கடைசியில் மருந்தோடு சமாதானம் ஆனார். வாரத்தில் நாலைந்து நாள் மனநல ஆலோசனை, சட்ட லைப்ரரியில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்ட வில் என்ற கணவர், நண்பர்கள், மூளைக்கு ஓயாமல் வேலை கொடுத்த கல்லூரி, இவைதான் தன்னைத் தாங்கின என்று சொல்கிறார். மனநல மருத்துவத்துக்கு அவர் எதிரி இல்லை. பலவந்தத்துக்குத்தான் எதிரி. எல்லாருக்கும் இந்த வசதிகள் கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தான் ஏதோ கோடியில் ஒருத்தி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். லாஸ் ஏஞ்சலீஸில் இதே நோயோடு வேலை பார்க்கிற 20 பேரைத் தேடிப் பிடித்து ஆய்வு செய்தார்கள் அவரும் நண்பர்களும். அதில் டாக்டர், வக்கீல், மேனேஜர், டெக்னீஷியன் எல்லாரும் இருந்தார்கள்.

சரி, நாம் செய்ய வேண்டியது? உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாள் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அடுத்த முறை உடம்பு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடட்டும், எந்த டாக்டரிடம் போகட்டும், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது பயமாக இருந்தது, எதை மட்டும் செய்யவே கூடாது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதுங்கள். வாரியத்தில் முறைப்படி பதிவு செய்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்டோம் என்பதே அவருக்குப் பாதி மருந்து.

தாளின் அடியில் அவரே கையெழுத்துப் போடட்டும். செல்லும்.